ஆறுக்கு மேல் வேண்டாம்

பட்டணத்திலிருந்து வந்த கடிதத்தில் நான்கு வரிகள் இருந்தன. அவற்றைப் படித்ததிலிருந்து துளசிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. திருத்தணி ரயில் நிலையத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தந்தி குமாஸ்தா. சாவுச் செய்தியையும் சம்பந்தம் முடிந்த செய்தியையும் ஒரே முகத்தோடு தட்டி அனுப்பிப் பழகிய மனிதன். அவனையே அந்த நான்கு வரி ஆட்டிவிட்டது.

எழுதியவர் ஓய்வு பெற்ற பேராசிரியர் பரந்தாமன். வானசாஸ்திரத்தில் சந்தேகம் வந்தால் பட்டணத்துப் பத்திரிகைகள் அவரைத்தான் கேட்கும். சந்தேகம் வராவிட்டாலும் அவரே எழுதி அனுப்பிவிடுவார்.

"கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி நெபுலா என்னும் ஒளிமேகம் உண்டென்பது சீமையில் பெரிய தூரதர்சினிகளால் நிரூபணமான விஷயம். அது உமது ஏல லென்சில் விழுந்ததென்பது நம்பத் தக்கதல்ல. நீர் கண்டது லென்சில் படிந்த பனி ஈரம். துடைத்துவிட்டு மறுபடி பார்க்கவும்."

துடைத்துவிட்டு என்ற அந்த வார்த்தைதான் முள்ளாகக் குத்தியது.

லென்ஸ் ஏலத்தில் வந்தது வாஸ்தவம்தான். யுத்தம் முடிந்ததும் அரக்கோணத்து விமானத் திடலில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். தகரத்துக்கும் தார்ப்பாய்க்கும் அடிதடி நடந்தது. விமானத்திலிருந்து தரையைப் படம் பிடித்த லென்ஸ் ஒன்றை மட்டும் யாரும் சீண்டவில்லை. துளசிங்கம் அதை எடுத்துவந்து, அதுவரை கீழேயே பார்த்துக்கொண்டிருந்ததை மேலே பார்க்கத் திருப்பினான். பலாப்பலகையில் பெட்டி அடித்தான். பக்கத்தில் ஒரு சின்ன தூரதர்சினியைப் பொருத்தி, அதற்குள் இரண்டு சிலந்தி நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான். வானம் மேற்கே நகர நகர, ஒரு திருகைக் கையால் திருகித் திருகி, நட்சத்திரம் அந்த நூல்கள் கூடும் புள்ளியை விட்டு நகராமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம். தும்மினால் போயிற்று.

மார்கழி அமாவாசையை ஒட்டி மூன்று நாள், விளக்கு வைத்த நேரத்திலிருந்து, ரயில்வே குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் இதைச் செய்தான். பனி பிடிக்காமலிருக்க லென்சைச் சுற்றிச் சுடுமணல் கட்டிய துணிப்பை. மூன்று நாளும் லென்ஸ் கல்லுப் போலக் காய்ந்து கிடந்தது. மூன்று நாளுக்கு மூன்று கண்ணாடி பிளேட். மூன்றிலும், கறுப்புப் புள்ளிகளாக விழுந்த நட்சத்திரங்களைச் சுற்றி, ஊதிவிட்டாற்போல ஒரு சாம்பல் மங்கல். பிளேட்டில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும். ஆகவே சாம்பல் என்றால் மெல்லிய வெளிச்சம்.

அதைப் பேராசிரியர் துடைக்கச் சொல்கிறார்.

துளசிங்கம் யோசித்து ஒரு வழி கண்டான். ஒரு பிளேட்டில் தூசி இருக்கலாம், இன்னொன்றில் மருந்துக் கறை இருக்கலாம், மூன்றாவதில் ஈரமே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தூசிக்கும் ஈரத்துக்கும் தினம் ஒரே நட்சத்திரத்தின் பக்கத்தில் வந்து குந்த வேண்டுமென்று வேண்டுதல் கிடையாது. மூன்று பிளேட்டையும் ஒரே காகிதத்தில், நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் பொருந்த, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் ஒன்றில் மட்டும் உள்ள அழுக்கு மங்கிப்போகும். மூன்றிலும் உள்ளது எழுந்து நிற்கும். அந்தப் படத்தை அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். அந்த 1947ஆம் வருஷத்தில் தேசத்துக்கு வேறு பெரிய கவலைகள் இருந்தன. துளசிங்கத்துக்கு இது ஒன்றுதான்.

படத்தைப் பெரிதாக்கும் கருவி ஊரில் ஒன்றே ஒன்று, பக்தவச்சலத்தின் மனோகர ஸ்டூடியோவில் இருந்தது. அது வெயிலில் வேலை செய்யும் கருவி. இருட்டறைச் சுவரில் ஒரு துளை, துளைக்கு வெளியே சாய்த்து வைத்த ஒரு முகக் கண்ணாடி. உச்சி வெயில் அதில் பட்டு உள்ளே வந்தால்தான் படம். நட்சத்திரத்தைக் காகிதத்தில் இறக்கச் சூரியனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஸ்டூடியோ வாசலில் ஒரு பலகை: "வந்தபடி போகமாட்டீர்கள்." அது சத்தியமான வாக்கு. அம்மைத் தழும்போடு வந்தவன் வழவழவென்று போவான். நகை இல்லாமல் வந்த பெண்ணுக்கு ஒட்டியாணம் ஏறும். கடவுள் கிறுக்கிப் போட்டதைத் தான் சுத்தப் பிரதி எடுப்பதாகப் பக்தவச்சலத்தின் எண்ணம். அந்தச் சுத்தப் பிரதியை நிஜத்தில் எழுதுகிறவள் அவனுடைய மச்சினி வரலட்சுமி. ஜன்னலோரம் சாய்வு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, பிளேட்டின் மேல் ஊசிபோல் சீவிய பென்சிலால் தழும்பை அடைப்பாள், சிறு கத்தியால் வேண்டாததைச் சுரண்டுவாள். பதினோரு வருஷமாக அதுதான் வேலை. பெயர் மட்டும் பக்தவச்சலத்துக்கு.

துளசிங்கம் பிளேட்டுகளைக் கொண்டுபோன செவ்வாய்க்கிழமை வானம் மூடிக் கிடந்தது.

"மூணு நாளா மோடமா கீதுங்க," என்றான் பக்தவச்சலம். "வெயில் வந்ததும் போட்டுத் தர்றேன். வெச்சிட்டுப் போங்க."

"நான் வந்து கூட நின்னாத்தான் போடணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"ஆங்."

"கழுவக் கூடாது. தொடைக்கக் கூடாது."

"ஆங்."

"டச்சிங் கூடவே கூடாது."

"இன்னா தந்தியாரே, கொழந்தைக்குச் சொல்றாப்பல சொல்லிகினு. வானத்துக்கு எவனாவது டச்சிங் பண்ணுவானா?"

இதைச் சொன்னபோது அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் அவனிடம் உள்ள ஆபத்து.

மறுநாள் காலையில் மணவாளர் வந்தார். கனகம்மாசத்திரம் ரஸ்தாவில் ரைஸ்மில் வைத்திருப்பவர். கிருத்திகை பக்த ஜன சபையின் ஆயுட்காலத் தலைவர். சபையை ஆரம்பித்தவரும் அவரே, தலைவரை முன்மொழிந்தவரும் அவரே, வழிமொழிய ஆள் தேடியபோதுதான் மற்ற உறுப்பினர்கள் சேர்க்கப்பட்டார்கள். சபை மண்டபத்தில் மாட்டுவதற்காக எடுத்த தன் படத்தில் தொந்தி சரியாகக் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர், மேஜையில் இருந்த பிளேட் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது இன்னாய்யா, அரிசில கல்லு மாதிரி?"

"கார்த்திகைங்க. நம்ம தந்தியாரு வானத்துலருந்து புடிச்சது."

மணவாளர் செருப்பைக் கழற்றினார். பிளேட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மருந்து பூசிய பக்கமாகவே ஒற்றிக்கொண்டார். பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ண எண்ண முகம் கறுத்தது.

"முருகனுக்குப் பாலு குடுத்தது ஆறு பேருய்யா. இதுல நாப்பதுக்கு மேல கீது."

"சுத்துப்பட்டுல இருக்கறதும் சேந்து வுழுந்துட்டு கீதுங்க."

"அதெப்படி வுழும்? நாளைக்கி எவனாவது ஏழாவது யாருன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? நாகரிகமா கீதா இது?" சற்று நேரம் யோசித்தார். யோசனை அவருக்கு எப்போதும் தலைமை உரையின் வடிவத்தில்தான் வரும். "மாசிக் கிருத்திகைக்கு நம்ம சபைல இத்த பெருசாக்கித் தெறப்பு விழா வெக்கிறோம். பட்டணத்துலருந்து பேராசிரியர் பரந்தாமனக் கூட்டியாறேன். ஆறுக்கு மேல வேண்டாம். ஆமா, இந்தப் பொகை இன்னா?"

"ஃபாக் அடிச்சிட்டு கீதுங்க. பொட்டில வெளிச்சம் பூந்துட்டா இப்டித்தான் பொகை கட்டும். கத்துக்குட்டிங்க பிளேட்ல எப்பவும் வர்றது."

"எடுத்துடு."

வரலட்சுமி பென்சிலைக் கீழே வைத்தாள். "பாவா, அவுரு தொடவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அவுருக்கு நல்லதுதான பண்றோம். தலைவரு கையால தெறக்கப் போறாரு. நீ அந்த நாப்பதச் சொரண்டி ஆறாக்கு."

"என் கத்தி மொண்ண. வேணும்னா நீயே சொரண்டிக்கோ பாவா." மற்ற இரண்டு பிளேட்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு முன்சீப்பின் மூக்கைச் சரிசெய்யக் குனிந்துவிட்டாள். மடியில் இருப்பதை அக்காள் புருஷன் எடுக்க முடியாது. முன்சீப்பின் மூக்கும் அன்று முழுக்கச் சரியாகவில்லை.

பக்தவச்சலம் தானே உட்கார்ந்தான். சுரண்டினான். பிறகு, மங்கல் கட்டிய பிளேட்டை வெளுக்கும் மருந்தில் அதை நனைத்துப் பஞ்சால் நீவி நீவி எடுத்தான். அவன் தொழிலில் புகை என்றால் குற்றம், குற்றம் என்றால் கழுவு. மத்தியானத்துக்குள் பளிங்காகிவிட்டது. நடுவில் மிளகு உதிர்த்தாற்போல ஆறு புள்ளி.

வியாழக்கிழமை வெயில் வந்தது. துளசிங்கமும் வந்தான். காய்வதற்காகச் சட்டத்தில் நிறுத்தியிருந்த பிளேட்டைப் பார்த்தான். முதலில் யாருடையதோ என்று நினைத்தான். ஓரத்தில் தான் கீறியிருந்த தேதியைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் கேட்ட கேள்வி மிகவும் மெதுவாக வந்தது.

"யாரு பண்ணது?"

"நாந்தாங்க," என்றான் பக்தவச்சலம், கூலி வேண்டாம் என்று சொல்லப்போகிறவனுடைய முகத்தோடு. "கொஞ்சம் மெனக்கெட்டுத்தான் போச்சி. எப்டி கீது பாருங்க."

"யோவ், அது பொகை இல்லய்யா. அதுக்காகத்தான்யா ரெண்டு மணி நேரம் கையி மரத்துப் போயி குந்திகினு இருந்தேன். நச்சத்திரத்த எவன் வேணா எடுப்பான். நான் எடுத்ததே அந்தப் பொகையத்தான்."

"பொகையவா?" பக்தவச்சலம் நிஜமாகவே திடுக்கிட்டான். புகையை வேண்டுமென்றே படம் பிடிப்பவனை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. "சொல்லியிருக்கலாம் இல்லிங்களா?"

"தொடாதன்னு சொன்னனே. அதுக்கு மேல இன்னா சொல்றது? ஏன் தொடக் கூடாதுன்னு மனு எழுதிக் குடுக்கணுமா?"

"தலைவரு சொன்னாருங்க. பேராசிரியரு வர்றாராம். பரந்தாமன்னு. அவுரு முன்னால உங்க பேரு போட்டுத் தெறக்கப் போறாங்க. பெருமைதான."

துளசிங்கம் உட்கார்ந்துவிட்டான். இடம் பார்த்து உட்காரவில்லை. படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் சிங்காசனத்தில், பின்னால் தொங்கிய அரண்மனைத் திரைக்கு முன்னால். மங்கல் வெறும் ஈரம் என்று எழுதிய மனிதர் வரப்போகிறார். அவருக்கு மங்கல் கழுவிய படத்தைக் காட்டப் போகிறார்கள். அதன் கீழே துளசிங்கம் என்று போட்டிருக்கும். துடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார், பையன் துடைத்துவிட்டான்.

"அந்த மத்த ரெண்டு?" என்றான். கேட்கவே பயமாக இருந்தது.

"எங்கிட்ட கீதுங்க," என்றாள் வரலட்சுமி. பழைய புடவைத் துணியில் சுற்றியதை எடுத்து நீட்டினாள். "ஒண்ணுமேல ஒண்ணு வெச்சிப் பாத்தேன். நேத்தே தெரிஞ்சிபோச்சி. அழுக்குன்னா ரெண்டுலயும் ஒரே எடத்துல வராதுங்க. அழுக்க எனக்குத் தெரியாதா? பதினோரு வருசமா அத்தத்தான பாத்துகினு கீறேன்."

கடிதம் வந்ததற்குப் பிறகு துளசிங்கத்திடம் யாரோ பேசிய முதல் அறிவான பேச்சு அது. அதற்கு நன்றி சொல்லக்கூட அவனுக்கு அப்போது பொறுமையில்லை. "வெயில் போறதுக்குள்ள போடலாம்," என்றான்.

இருட்டறையில் சிவப்புத் துணி போர்த்திய விளக்கு. துளை வழியாக வெயில் வந்து, முதல் பிளேட்டைக் கடந்து பலகையில் விழுந்தது. வரலட்சுமி அங்கே ஒரு வெள்ளைத்தாளை வைத்து, பெரிய நட்சத்திரங்கள் மூன்றை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டாள். துளையை மூடி, படக்காகிதத்தைக் குத்தி, திறந்து, முப்பது எண்ணினார்கள். மறுபடி மூடி, காகிதத்தை டப்பாவில் போட்டு, இரண்டாவது பிளேட்டைச் சொருகி, குறிகளின் மேல் நட்சத்திரங்கள் உட்காரும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். முகத்துக்குப் பென்சில் போட்டுப் பழகிய கை. மறுபடி முப்பது. காகிதத்தைக் கழுவத் துளசிங்கம் அரக்கோணத்திலிருந்து பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் கொண்டுவந்திருந்தான், ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் உப்புப் பூத்துவிடும் என்று.

மருந்துத் தட்டில் காகிதத்தை ஆட்டியபோது முதலில் பின்னணி கறுத்தது, நட்சத்திரங்கள் வெள்ளையாகத் தங்கின. அப்புறம் மெதுவாக, அவற்றைச் சுற்றி, சிக்கெடுக்காத பஞ்சு மாதிரி அது வந்தது. ஒரு பக்கம் கீழே இழுத்து வாரினாற்போல நரம்பு நரம்பாக.

"வந்துட்டுச்சிங்க," என்றாள் வரலட்சுமி.

"மூணா இருந்திருந்தா இன்னும் வந்திருக்கும்," என்றான் துளசிங்கம். சந்தோஷப்பட அவனுக்கு இரண்டு நிமிஷம்தான் கிடைத்தது. அதையும் அவன் கோபத்துக்கே செலவு செய்தான்.

மாசிக் கிருத்திகை அன்று பொழுது சாய்ந்ததும் சபை மண்டபத்தில் கூட்டம். மலையேறிச் சாமி பார்த்துவிட்டு இறங்கியவர்கள், பொங்கல் உண்டு என்று கேள்விப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பெட்ரோமாக்ஸ். ஒன்று மணவாளருக்கு, ஒன்று படத்துக்கு. படம் நீலத் திரைக்குள் இருந்தது.

மணவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச எழுந்தார். மேடை ஏறினால் அவருக்கு ஊர்ப்பேச்சு மறந்து, அச்சடித்த பேச்சு வரும். "அகில உலகத்திலும் எவரும் செய்திராத காரியமாக," என்று தொடங்கி, இந்தப் படத்தைத் தாமே பெட்டிக்குப் பின்னால் நின்று எடுத்தது போலத் தோன்றும் இடம்வரை வந்தார். "கார்த்திகை மாதர் அறுவரும், புண்ணிய தினமாகிய தைக் கிருத்திகை இரவில், தாங்களே மனமுவந்து தந்த தரிசனம்," என்று படத்தின் கீழே எழுதியிருந்ததை உரக்கப் படித்துக் கயிற்றை இழுத்தார். திரை வரவில்லை. பக்தவச்சலம் ஓடிப்போய்க் கையால் தள்ளினான்.

மூன்றடிக் கறுப்பில் ஆறு வெள்ளைப் பொட்டு. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த துளசிங்கம் அதைக் கேட்டுக் கணக்குப் போட்டான். மார்கழி அமாவாசையில் எடுத்ததைத் தைக் கிருத்திகைக்கு மாற்றிவிட்டார்கள். நட்சத்திரம் போயிற்று, மங்கல் போயிற்று, இப்போது தேதியும் போயிற்று. மிச்சம் இருந்தது அவன் பெயர் ஒன்றுதான். அதையும் துளசிலிங்கம் என்று எழுதியிருந்தார்கள்.

பேராசிரியர் பரந்தாமன் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். படத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"விஞ்ஞான ரீதியில் குற்றமற்ற படம் என்று சான்று கூறுகிறேன். இந்த இளைஞர் முன்பு எனக்கு ஒரு கடிதம் எழுதினார், ஏதோ மங்கல் தெரிகிறதென்று. லென்சைத் துடைக்கச் சொன்னேன். பாருங்கள், துடைத்த பிறகு எவ்வளவு தெளிவு. அடக்கமும் சுத்தமும் இருந்தால் நம்மவர்களாலும் முடியும்."

முப்பத்தெட்டு வயது இளைஞன் எழுந்து முன்னால் வந்தான். கையில் சுருட்டிய காகிதம்.

"ஐயா, அது நான் எடுத்தபடி இல்ல. கழுவிட்டாங்க. நான் எடுத்தது இதோ. ரெண்டு பிளேட்டச் சேத்துப் போட்டது."

பேராசிரியர் அதை வாங்கி, தூரத்தில் பிடித்து, உடனே திருப்பிக் கொடுத்தார். "இது எங்கே அச்சடித்தீர்?"

"மனோகர ஸ்டூடியோல."

"மத்தியானம் வாசலில் பலகையைப் பார்த்தேன். வந்தபடி போகமாட்டீர்களாமே." சபையில் சிரிப்பு எழுந்தது, பக்தவச்சலமும் தன் பலகைக்குக் கிடைத்த கௌரவத்தில் சிரித்தான். "இல்லாத ஒட்டியாணத்தைப் போடுகிறவர்களுக்கு இல்லாத மேகத்தைப் போடத் தெரியாதா? உட்காரும்."

துளசிங்கம் உட்காரவில்லை. பன்னிரண்டு வருஷம் தந்தி தட்டிய விரல்கள் காகிதத்தை மறுபடி சுருட்டின.

முன்வரிசையில் பொங்கலுக்காக இலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கெங்கம்மாள். கே.ஜி.கண்டிகையிலிருந்து நாற்று நடுகிற ஆள். மாதம் தவறாமல் கிருத்திகைக்கு நடந்தே வருபவள். அவள் கையைத் தூக்கினாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"பொங்கல் அப்புறம்," என்றார் மணவாளர்.

"பொங்கலு இல்ல சாமி. இது தை கிருத்திகை அன்னிக்கி எடுத்ததுன்னு படிச்சீங்களே, நெலா எங்க?"

"எந்த நெலா?"

"அன்னிக்கி நெலா அதுங்களாண்டதான சாமி நிக்கும். நெலா அங்க போய் நிக்கிற நாளத்தான் கிருத்திகைன்னு வெச்சிகினு கீறோம். நாங்க இருட்டுல நடந்து வர்றவங்க, அத்தப் பாத்துகினேதான வர்றோம்."

மணவாளர் அச்சடித்த பேச்சை விட்டு இறங்கிவிட்டார். "அது... அன்னிக்கி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்."

"எங்க சாமி தள்ளிப் போவும், வண்டி கட்டிகினா?" என்றாள் கெங்கம்மாள். "இன்னிக்கும் கிருத்திகைதான. வெளிய வந்து பாருங்க."

யார் முதலில் எழுந்தார்கள் என்று தெரியவில்லை. பொங்கலைக்கூட விட்டுவிட்டு ஜனம் மண்டபத்துக்கு வெளியே போனது. தலைக்கு மேலே பாதி நிலா, அதை ஒட்டினாற்போல, நிலா வெளிச்சத்தில் வெளிறிப்போய்க் கார்த்திகை. மங்கல் கிடக்கட்டும், நட்சத்திரத்தையே கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருந்தது. யாரோ, "எவன்யா தேதி போட்டது," என்றான். யாரோ, "அந்தப் பட்டணத்தாரு சான்று குடுத்தாரே," என்றான். வெளியே சிரிப்பு கேட்டது. கொஞ்சம் முன்பு துளசிங்கத்தைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்.

மண்டபத்துக்குள் பேராசிரியர், மணவாளர், பக்தவச்சலம், துளசிங்கம், வரலட்சுமி என்று ஐந்து பேர் மிஞ்சினார்கள். பேராசிரியர் நாற்காலியை விட்டு நகரவில்லை. வானசாஸ்திரி வானத்தைப் பார்க்க வெளியே போக மறுத்த நேரம் அது.

"எடுத்த தேதி எனக்குச் சொல்லப்படவில்லை," என்றார்.

"சத்தமா படிச்சாரே," என்றான் துளசிங்கம். "படிச்சப்புறம்தான நீங்க எழுந்திரிச்சீங்க. கிருத்திகையில நிலா எங்க நிக்கும்னு நாத்து நடுற பொம்பளைக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியல. நீங்க என் லென்சத் தொடைக்கச் சொல்றீங்க."

"நிலா வேறு, நெபுலா வேறு. அந்தப் படம் பொய்யென்றால் உம்முடையது நிஜமாகிவிடாது. ஸ்டூடியோக் கைவேலை என்ற சந்தேகம் அப்படியே இருக்கிறது."

அது சரியான வாதம். துளசிங்கத்துக்கு அதுதான் மேலும் எரிந்தது.

"கைவேலைய நான் காட்றேங்க," என்றாள் வரலட்சுமி. தூணோரம் நின்றிருந்தவள், துணிச்சுற்றைப் பிரித்துக்கொண்டு வந்தாள். உள்ளே மூன்று பிளேட்: துளசிங்கம் அவளிடமே விட்டுவைத்திருந்த இரண்டு, ஸ்டூடியோவிலிருந்து அவள் எடுத்துவந்த கழுவியது ஒன்று. "காயிதத்துல எது வேணா பண்ணலாம், தெரியாது. கண்ணாடில மறைக்க முடியாதுங்க. வெளக்குக்கு நேரா புடிக்காதீங்க, இப்டி சாச்சிப் புடிங்க. பென்சில் போட்ட எடம் மினுக்கும். கத்தி பட்ட எடம் சொரசொரன்னு தெரியும். நான் போட்டதயே நான் இப்டித்தான் பாத்து கண்டுபுடிப்பேன்."

பேராசிரியர் முதலில் கழுவிய பிளேட்டைச் சாய்த்துப் பிடித்தார். அதன் முகம் முழுக்கக் கோழி கிளறிய குப்பைமேடு போல இருந்தது. ஓரத்தில் மணவாளரின் கட்டைவிரல் ரேகை வேறு. மற்ற இரண்டையும் எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பெட்ரோமாக்சுக்குக் கிட்டே போனார். குளத்துத் தண்ணீர் மாதிரி வழவழப்பு. ஒரு கீறல் இல்லை, ஒரு மினுக்கல் இல்லை. ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்தார். மங்கலின் மேல் மங்கல் உட்கார்ந்தது.

அவர் இரண்டு பிளேட்டையும் சால்வைக்குள் வைத்துக்கொள்ளப் போனார்.

"பட்டணத்துக்கு எடுத்துப்போய் நிதானமாகப் பரிசீலித்து எழுதுகிறேன்," என்றார்.

"பிளேட் தரமாட்டேன்," என்றான் துளசிங்கம். "ஒண்ணு குடுத்துப் பட்டாச்சி. இப்பவே, இங்கயே எழுதிக் குடுங்க. நாலு வரி வேணாம். ஒரு வரி போதும்."

"இதென்ன நிர்ப்பந்தம்?"

"என் பேருக்கு எழுதினீங்க. தொடைன்னு எழுதினீங்க. நான் எதத் தொடைக்கணும்? நீங்க எழுதினதத்தான்."

வெளியிலிருந்து ஜனம் திரும்பி வந்துகொண்டிருந்தது. மணவாளர் படத்தின் மேல் திரையை இழுத்துப் பார்த்தார். இப்போது அது மூட வரவில்லை. பேராசிரியர் திரும்பி வரும் முகங்களைப் பார்த்தார். விழா அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கத்தில் அவசரமாக எழுதி நீட்டினார். துளசிங்கம் பெட்ரோமாக்ஸ் கீழே பிடித்துப் படித்தான். தந்தி படிக்கிறவன், ஒவ்வொரு சொல்லாகப் படித்தான்.

"மேற்படி மங்கல் லென்சின் ஈரம் அல்ல. கார்த்திகையின் நெபுலாவே. பரந்தாமன்."

"தேதி," என்றான் துளசிங்கம்.

பேராசிரியர் வாங்கித் தேதி போட்டார்.

"மாசிக் கிருத்திகைன்னும் போடுங்க."

போட்டார்.

"நிலா பக்கத்துல இருந்துச்சின்னும் போடுங்க."

பேராசிரியர் பேனாவை மூடினார். அவர் முகம் சிவந்திருந்தது. கெங்கம்மாள் இலையோடு வந்து முன்வரிசையில் பழைய இடத்தில் உட்கார்ந்து, பொங்கல் எப்போது என்று கேட்டாள். துளசிங்கம் நீட்டிய கையை மடக்கவில்லை. பேராசிரியர் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார், வாசல் முழுக்க ஆட்கள். பேனாவைத் திறந்தார்.

"நிலா இருந்தது," என்று எழுதினார்.

துளசிங்கம் அழைப்பிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இரண்டு பிளேட்டைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டான். மூன்றாவதை, கழுவி வெளுத்ததை, எடுத்து மணவாளரின் கையில் கொடுத்தான்.

"இது உங்களுது. ஆறுக்கு மேல ஒண்ணும் இல்ல. பத்திரமா வெச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஸ்டேஷன் பக்கமாக நடந்தான். கோபம் தீரவில்லை. அடுத்த அமாவாசைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.